நாலு புள்ளியும் நாலு புள்ளியும்

என் அண்ணன் சாவுக்குக் காரணமான ஆளை நான்தான் கண்டுபிடித்தேன். எஸ்டேட் நிர்வாகம் கண்டுபிடிக்கவில்லை. அவர்கள் விபத்து என்று எழுதி ஃபைலை மூடிவிட்டார்கள். படிவம் மூன்றோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவள் நான். இதை எழுதுவதும் அந்த ஆளுக்காகத்தான். துக்கத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவர் ஊரெல்லாம் சொல்லிவைத்தார். அவர் வாய்மொழியாகச் சொன்னதற்கு நான் எழுத்தில் பதில் தருகிறேன்.

அண்ணன் பாலோ என்கிற சின்ன டவுனுக்கு உள்ளே, எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றில் டிராக்டர் ஓட்டினான். மழை பெய்து முடிந்த ஒரு காலையில், குலை ஏற்றிய வண்டி சறுக்கிக் கால்வாய்ப் பள்ளத்தில் கவிழ்ந்தது. தொடைக்கு மேல் வண்டி கிடந்தது. நினைவு இருந்தது, பேசினான். கூட இருந்தவர் லொம்போக் தீவிலிருந்து வந்த தொழிலாளி. போனை எடுத்து ஆம்புலன்சுக்கு அடித்தார், போகவில்லை. திரும்பத் திரும்ப அடித்தார். கடைசியில் போனைத் தூக்கி எறிந்துவிட்டுப் பெரிய ரோட்டுக்கு ஓடினார். வழியில் வந்த ஒரு லாரியை மறித்து, அதில் ஏறி பாலோ வரைக்கும் போய்த்தான் ஆள் கூப்பிட முடிந்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது அண்ணன் பேச்சை நிறுத்தியிருந்தான்.

ரத்தம் போய்விட்டது, கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். எவ்வளவு முன்னால் என்று நான் கேட்டேன். அவர் ஃபைலில் கையெழுத்துப் போட்டு நர்சிடம் கொடுத்தார்.

இறுதிச் சடங்கு அன்று அந்தத் தொழிலாளி என்னிடம் வந்து பிறகு தேடி எடுத்த தன் போனைக் காட்டினார். மலாயில்தான் சொன்னார். "சிக்னல் கோடு முழுசா இருந்துச்சு. பள்ளத்துல நின்னு பார்த்தா டவர் கண்ணுக்குத் தெரியுது. ஆனா போகல. நான் பொய் சொல்லல." தன்மேல் தப்பு வந்துவிடுமோ என்று பயந்திருந்தார். நான் அவர் கையைப் பிடித்து, தெரியும், நீங்க பொய் சொல்லல என்றேன். எனக்கு உண்மையிலேயே தெரியும். என் வேலையே அதுதான்.

ஸ்கூடாய் டவுனில் ஒரு கடைவீட்டின் மாடியில் எங்கள் கம்பெனி இருக்கிறது. போன் டவரைக் குத்தகைக்கு எடுத்தவர்களுக்காக சிக்னலை அளந்து கொடுக்கிறவர்கள். கம்பம் தூக்கவும் கேபிள் சுருட்டவும் என்னைச் சேர்த்தார்கள். தூக்கிக்கொண்டே பார்த்ததில் கொஞ்சம் வேலை படிந்துவிட்டது. அண்ணன் போன் செய்தால் முதல் வார்த்தையே கிண்டலாகத்தான் இருக்கும்.

"என்னா, ஏரியல் தூக்குற அம்மணி, இன்னிக்கு எத்தன புள்ளி?"

"அறுவத்தி நாலு."

"நம்ம வீட்டு டிவியிலகூட அவ்ளோ புள்ளி தெரியுது லா. ரிப்பேருக்குக் குடுக்கணும்."

அவன் கேட்ட புள்ளி என்னவென்று சொல்கிறேன். ரேடியோ அலை எழுத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போகாது. அலையைக் கொஞ்சம் பெரிதாக்கியோ சின்னதாக்கியோ, கொஞ்சம் முன்னே பின்னே தள்ளியோ அனுப்புவார்கள். அந்த ஒவ்வொரு நிலையும் எங்கள் திரையில் ஒரு புள்ளியாக விழும். சாதாரணக் கருவி நாலு புள்ளியில் பேசும், வேகம் குறைவு. நல்ல கருவி பதினாறில் பேசும். அதைவிட நல்லது அறுபத்து நாலு. புள்ளியைப் பார்த்தால் எந்த மாதிரிக் கருவி கத்துகிறது என்று சொல்லிவிடலாம். கருவி தெரிந்தால் வீடும் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் தெரியும். போனில் கோடு முழுசாக இருந்தால் டவர் பேசுவது நமக்குக் கேட்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். நாம் பேசுவது டவருக்குக் கேட்கிறதா என்று அந்தக் கோடு சொல்லாது. கோடு முழுசு, ஆனால் அழைப்பு போகவில்லை என்றால், யாரோ டவரின் காதுக்குள் கத்திக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பள்ளத்துக்கு எட்டுகிற டவர் அது ஒன்றுதான்.

அன்று சாவு வீட்டில் நீல பிளாஸ்டிக் நாற்காலியில் கோயில் தலைவர் உட்கார்ந்திருந்தார். பாலோவில் கடை வைத்திருக்கிறார், மாடியில் பறவைக் கூடு. குருவி வந்து கூடு கட்ட, அந்தக் கூட்டை எடுத்து நல்ல விலைக்கு விற்க, கீச்சுக் கீச்சென்று ஸ்பீக்கரில் நாள் முழுக்கச் சத்தம் போடுவார்களே, அந்த மாதிரி. அம்மா தலையில் கை வைத்து, "விதிம்மா. யாரும் ஒன்னும் செஞ்சிருக்க முடியாது" என்றார். அம்மா அவர் காலைத் தொட்டு அழுதாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரியம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை கம்பெனியிலிருந்து சின்ன அளவீட்டுப் பெட்டியையும் ஒற்றை ஏரியலையும் எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பாலோவுக்குப் போனேன். நாலு ஏரியல் கொண்ட பெரிய கருவிதான் இதற்கு வேண்டும். அதற்கு வேன் வேண்டும், அனுமதிக் கடிதம் வேண்டும். எனக்கு அதுவரைக்கும் பொறுமை இல்லை. கோபத்தில் கிளம்பினேன். என் தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

டவர் காது கொடுக்கிற அலைவரிசையில் ஒரு சத்தம் இருந்தது. கடைவரிசைக்குப் பக்கத்தில் போகப் போகப் பெரிதானது. நடுவில் குறைந்து, தோட்டத்து ஓரத்தில் மறுபடியும் பெரிதானது. சுவரிலோ தகரத்திலோ பட்டுத் திரும்புகிறது என்று நினைத்துக்கொண்டேன். கடைவரிசையில் நின்று பதிவு எடுத்தேன். மென்பொருள் ஒரே சொல்லில் பதில் சொன்னது: பதினாறு. நான் நிமிர்ந்து பார்த்தேன். தலைக்கு மேலே தலைவருடைய பறவைக் கூடு. ஜன்னல் ஓட்டையில் ஒரு வெள்ளைத் தட்டு ஏரியல்.

அந்த நிமிஷம் எனக்குள் என்ன நடந்தது என்று மறைக்கப் போவதில்லை. சந்தோஷம் வந்தது. சாவு நடந்த வீட்டில் யாருக்கும் அந்த மாதிரிச் சந்தோஷம் வரக் கூடாது. எனக்கு வந்தது.

அலைவரிசையைக் கண்காணிக்கிற ஆபீசில் புகார் கொடுத்தேன். அதிகாரி ஒருவர் வந்தார், என்னையும் வரச் சொன்னார். மாடிக்கு ஏறினோம். கூட்டுக்குள் யாரும் திருடாமல் இருக்கத் தலைவர் கேமரா வைத்திருந்தார். கேமராப் படத்தை வீட்டுக்கு அனுப்ப வெளிநாட்டுப் பெட்டி ஒன்று. அந்தப் பெட்டி விற்கிற நாட்டில் அந்த அலைவரிசை அதற்கானது. நம் நாட்டில் அது போன் டவர் காது கொடுத்துக் கேட்கிற இடம். ஆனால் அன்று பெட்டியில் விளக்கு எரியவில்லை. காற்றில் ஒன்றுமே இல்லை. நாங்கள் வருவதை யாரோ அவரிடம் முன்னாலேயே சொல்லியிருக்கிறார்கள்.

"அது கெட்டுப் போயி ரொம்ப நாளாச்சு. சும்மா கெடக்குது" என்றார் தலைவர். கையில் பெட்டியோடு வந்த புத்தகத்தையே தயாராக வைத்திருந்தார். "இதுல பாருங்க, இந்தப் பெட்டிக்கு நாலு புள்ளிதானாம். இந்தப் புள்ள பதினாறுங்குது. நாலு எப்படிம்மா பதினாறாவும்? ஸ்கூல்ல கணக்கு படிக்கலியா?"

கூட வந்திருந்த கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் சிரித்தார்.

"அங்கிள், அன்னிக்கு இது எரிஞ்சுச்சு. நான் பதிவு எடுத்திருக்கேன்" என்றேன்.

"பாவம் லா, வயித்தெரிச்சல்ல பேசுது" என்று அதிகாரியிடம் மலாயில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "போம்மா. போயி அம்மாவப் பாத்துக்க" என்றார்.

அதிகாரி புத்தகத்தைப் பார்த்தார், என் பதிவைப் பார்த்தார். பொருந்தவில்லை. இனிமேல் இந்தப் பெட்டியை மாட்டாதீர்கள் என்று அவரிடம் வாயால் சொல்லிவிட்டு, எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை என அறிக்கையில் எழுதிக்கொண்டு போனார். அந்த வாரமே, அந்தப் பெண்ணுக்கு மந்திரிக்க வேண்டும் என்று கோயிலில் பேச்சு. அம்மாவே ஒரு கயிறு வாங்கிவந்து என் கையில் கட்டினாள்.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் ஒரே வேலைதான். அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். சாப்பாட்டு நேரத்தில், பஸ்ஸில், கழிவறையில்கூட. தலைவர் முகம் நினைவுக்கு வரும்போதெல்லாம் பார்த்தேன், அதனால் நிறையவே பார்த்தேன். மென்பொருள் பதினாறு என்கிறது. எண்ணினால் பதினாறுதான். ஆனால் நிஜப் பதினாறு எனக்குத் தெரியும். அது முட்டை அட்டை மாதிரி, எல்லா இடைவெளியும் சமமாக இருக்கும். இதில் புள்ளிகள் நாலு நாலாகக் கூட்டம் சேர்ந்து நின்றன. நாலு கூட்டம், கூட்டத்துக்கு நாலு. ஒவ்வொரு கூட்டமும் ஒரே பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

நீளமான பதிவை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். கூட்டம் நகரவில்லை. கூட்டத்துக்குள் இருந்த நாலு புள்ளியும் மெல்லச் சுற்றின. நாலு கூட்டத்திலும் ஒரே வேகம், ஒரே திசை. பஸ்ஸில் இருந்தேன். சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த சீனப் பாட்டி எழுந்து வேறு இடத்துக்குப் போனாள்.

எங்கள் கம்பெனி எஞ்சினியர் ஓர் அக்கா. சிலோன் பரம்பரை, அப்பா அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். அக்கா ஒரு வார்த்தையை வீணாக்க மாட்டார். நான் அனுமதி இல்லாமல் பெட்டியை எடுத்ததற்கு என்னை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. கீழே முஸ்லிம் மாமாவின் சாப்பாட்டுக் கடையில் அவர் தேத்தண்ணி குடிக்கும்போது எதிரில் போய் உட்கார்ந்து, ஒரு பாக்கெட் கடலையைப் பிரித்து மேசையில் கொட்டினேன்.

"என்ன செய்யிறீர்?"

"அக்கா, ஒரு நிமிஷம் லா. இது பெரிய சத்தம்." கப் வைக்கிற தட்டு நாலைச் சதுரமாக வைத்தேன். "ஒரு நேரத்துல நாலு எடத்துல ஒரு எடத்துலதான் நிக்கும். சரியா? இப்ப அதே நேரத்துல சின்னச் சத்தம் ஒன்னு கத்துது. அதுக்கும் நாலு எடம்." ஒவ்வொரு தட்டிலும் நாலு கடலையை வைத்தேன். "ரெண்டும் ஒரே ஏரியல்ல விழுந்தா ஒன்னு மேல ஒன்னு கூடிடும். எத்தன கடல?"

அக்கா எண்ணவில்லை. கடலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பெட்டிக்கா. தனித்தனிப் பெட்டி. ரெண்டோட கடிகாரமும் கொஞ்சம் வித்தியாசம், அதனால சின்னது பெருசு மேல சுத்துது. ஒரே பெட்டியா இருந்தா சுத்தாது."

"மென்பொருள் எனக்கும் பதினாறு எண்டுதான் காட்டினது. நானும் பார்த்துப்போட்டு விட்டிட்டன்" என்றார். அதைச் சொல்ல அவருக்குக் கஷ்டமாக இருந்தது என்று முகத்தில் தெரிந்தது. "ஆனா ஒரு ஏரியலால இதை நிரூபிக்கேலாது. நீர் நினைக்கிறது சரியா இருக்கலாம், அவ்வளவுதான்."

"அதுக்குத்தான் வேன் கேக்குறேன்."

"உம்மட கோபத்துக்கு வேன் தர ஏலாது. அளவுக்குத்தான் தருவன். விளங்குதோ?"

"விளங்குது" என்றேன். அளவுதான் என் கோபம் என்று அவரிடம் சொல்லவில்லை.

நாலு ஏரியல் கருவியோடு வேனை ஏன் கேட்டேன் என்றால், சாவு வீட்டில் ஒரு மூலையில் நின்று கேட்டால் எல்லா அழுகையும் ஒரே அழுகையாகத்தான் கேட்கும். நாலு மூலையிலும் ஆள் நின்று கேட்டால், ஒவ்வொருவர் காதிலும் கலவை வேறு மாதிரி விழும். ஒருவருக்கு அம்மா சத்தம் பெரிது, இன்னொருவருக்கு அத்தை சத்தம் பெரிது. நாலு பேரும் கேட்டதைச் சேர்த்துவைத்துக் கணக்குப் போட்டால், யார் எங்கே உட்கார்ந்து அழுகிறார்கள் என்று பிரித்துவிடலாம். நாலு ஏரியலும் அதைத்தான் செய்யும்.

வேனை அந்தக் கால்வாய்ப் பள்ளத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்தினேன். டிராக்டர் உழுத தடத்தில் புல் முளைத்திருந்தது. நாலு கம்பத்தையும் நட்டேன். அக்கா கணினியைத் திறந்தார். சத்தம் இருந்தது. அதிகாரி வாயால் சொல்லிவிட்டுப் போன பிறகும் அந்த ஆள் மறுபடியும் மாட்டியிருக்கிறார். அதுவரைக்கும் அவருக்குத் தெரியாமல் நடந்திருக்கலாம் என்று எனக்குள் ஒரு ஓரத்தில் ஒரு நினைப்பு இருந்தது. அந்த இடத்திலேயே அது செத்துப்போனது.

கணக்கு ஓடி முடிந்ததும் திரையில் இரண்டு கட்டம் வந்தது. ஒன்றில் நாலு புள்ளி, இன்னொன்றில் நாலு புள்ளி. சுத்தமாக, தனித்தனியாக. முதலாவது பாலோ கடைவரிசைத் திசையிலிருந்து வந்தது. இரண்டாவதுதான் இங்கே பெரிய சத்தம். அது வந்த திசையில் திரும்பிப் பார்த்தோம். செம்பனை மட்டைகளுக்கு மேலே ஜன்னல் இல்லாத சாம்பல் நிறக் கட்டடம் ஒன்று. தலைவருடைய இரண்டாவது பறவைக் கூடு. இரண்டுக்கும் ஒரே மாதிரிப் பெட்டி வாங்கியிருக்கிறார். அலைவரிசையை மாற்ற அவருக்குத் தெரியவில்லை, அதனால் இரண்டும் ஒரே இடத்தில் கத்திக்கொண்டிருந்தன. அண்ணன் கிடந்த இடத்திலிருந்து அந்தக் கட்டடத்தின் சுவர்க்கறைகூடத் தெரிகிறது.

அக்கா கணினியை மூடவில்லை. "இவ்வளவு பக்கத்திலயா" என்று மட்டும் கேட்டார்.

இந்த முறை அதிகாரிகள் சொல்லாமல் வந்தார்கள். சாம்பல் கட்டடத்துக் கதவைத் திறக்கத் தலைவரைக் கூட்டிவந்தார்கள். உள்ளே பெட்டியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தலைவர் வெளியே ஓடிவந்து போனை எடுத்தார். யாரோ பெரிய ஆளுக்கு அடிக்கப் பார்த்தார். அதிகாரி பெட்டியின் சுவிட்சில் கை வைத்தார்.

"துவான், கொஞ்சம் இருங்க. பதிவு இன்னும் முடியல" என்றேன்.

பதிவு முடிந்துவிட்டிருந்தது. அக்காவுக்கும் அது தெரியும். அவர் கணினித் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தலைவர் போனைக் காதில் வைத்தார், எடுத்துப் பார்த்தார், மறுபடியும் வைத்தார். மட்டைக்கு அந்தப் பக்கம் போய் நின்றார், கையை மேலே தூக்கிப் பிடித்தார். சட்டையெல்லாம் வியர்வை. "என்னா லா இது, லைன் முழுசா காட்டுது..." என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். நான் வேன் கதவில் சாய்ந்து நின்று பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்குப் போதுமான நேரம். அவருக்கு அது விளங்கியபோது போனைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தார். அப்போதுதான் அதிகாரியிடம், "முடிஞ்சிருச்சு துவான்" என்றேன்.

அது பொய், அது கெட்ட மனசு என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

தலைவர்மேல் வழக்குப் போட்டார்கள். என் வாக்குமூலத்தில் ஒரு சிக்கல் வந்தது. முதல் பதிவில் பதினாறு என்று எழுதிக் கொடுத்தது நான். அது தப்பு என்றும், அனுமதி இல்லாமல், தகுந்த கருவி இல்லாமல் எடுத்தேன் என்றும் நானே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் அவருடைய வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார். எழுதினால் கம்பெனி என்னை வெளி வேலையிலிருந்து எடுத்துவிடும் என்று அக்கா முன்னாலேயே சொன்னார். "யோசிச்சுச் செய்யும்" என்றார். நான் யோசிக்கவில்லை. எழுத்துக் கூட்டி எழுதி மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன். இப்போது மாடியில் உட்கார்ந்து கேபிள் முனைக்குப் பித்தளை மூடி பொருத்துகிறேன். வேனைப் பார்ப்பதோடு சரி.

போன வாரம் கமிட்டியிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். கோயில் மண்டபத்தில் அண்ணன் பேரில் ஒரு கல் பதிக்கத் தலைவர் தயாராக இருக்கிறாராம். வழக்கில் குடும்பத்துப் பக்கத்திலிருந்து கொஞ்சம் அனுசரித்துப் போனால் நன்றாக இருக்குமாம். அம்மா சேலை முனையைத் திருகிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"நான் என்னாடி சொல்றது?"

"நீ ஒன்னும் சொல்லாத. நான் போயிச் சொல்லிக்கிறேன்."

தலைவர் கடைக்கே போனேன். ஸ்பீக்கர் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. அவர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார், இளைத்திருந்தார்.

"வாம்மா, உக்காரு. எனக்கும் பிள்ளைங்க இருக்கு. நான் தெரிஞ்சு செய்யல..."

"மொத தடவ தெரியாது. ரெண்டாவது தடவ?"

அவர் கல்லாவைத் திறந்து மறுபடியும் மூடினார்.

"கல்லுல எங்கண்ணன் பேரு வேணாம், தலைவரே. கோர்ட்டு தாள்ல உங்க பேரு இருக்கட்டும். எனக்கு அது போதும்."

வெளியே வந்து மோட்டாரைக் கிளப்பினேன். சிம்பாங் ரெங்கம் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறினேன். போதும் என்று அவரிடம் சொன்னது பொய். போதாது. அபராதம் கட்டுவார், பெட்டியைப் பறிமுதல் செய்வார்கள், அடுத்த திருவிழாவுக்கு மறுபடியும் மாலை போட்டுக்கொண்டு நிற்பார். சட்டத்தில் அந்தப் பெட்டிக்குத்தான் தண்டனை எழுதியிருக்கிறது, அண்ணனுக்கு ஒன்றும் எழுதவில்லை. அக்காவிடம் கேட்டேன், அதிகாரியிடமும் கேட்டேன். இருவரும் அதையேதான் சொன்னார்கள்.

வழக்கு நாளுக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் கண்ணில் படுகிற மாதிரி முன் வரிசையில் உட்காருவேன். அடுத்த தவணைக்கும் போவேன். அதற்கடுத்த தவணைக்கும்.